பெயர், ஊர், தேதி

"ஏய் வினோ, இன்னிக்குப் பதினெட்டு. இருபத்தொண்ணு இல்ல," என்றான் ஜெரால்டு, கேமராவுக்குப் பின்னாலிருந்து. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. முதல் தடவை சிரித்தான், இரண்டாவது தடவை தலையில் அடித்துக்கொண்டான், இப்போது சும்மா சொன்னான். வினோதினி சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். பெயர் டாக்டர் ரகோத்தமன், ஊர் சேலம், தேதி பிப்ரவரி பதினெட்டு, இலக்கு எண் ஏழு. சொல்லி முடித்து இரண்டு உள்ளங்கைகளையும் கேமராவுக்கு முன்னால் பட்டென்று ஒரு தட்டு. இதற்குத்தான் ஸ்லேட் சொல்வது என்று பெயர். சினிமாக்காரர்களிடம் அதற்கென்று ஒரு கட்டை இருக்கும், கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாயும் கையும்தான். படத்தையும் குரலையும் பிற்பாடு ஒட்டவைக்க அந்தத் தட்டல் வேண்டும், பேசுகிறவர் யார் எவர் என்று கண்டுபிடிக்க அந்தப் பெயரும் ஊரும் தேதியும் வேண்டும், ஒட்டி முடித்ததும் அத்தனையையும் வெட்டி எறிந்துவிடுவார்கள். கேள்வி கேட்கிற குரலும் படத்தில் வராது. "உங்க வாய்ஸ் எதுவுமே ஃபைனல்ல இருக்காது, அதனால பயப்படாம கேளுங்க" என்று ஒருங்கிணைப்பாளர் மேடம் நேற்றைய பயிற்சியில் சொன்னபோது பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள், வினோதினியும் சிரித்தாள், முகத்தில் எந்தத் தசையை இழுத்தால் சிரிப்பு வரும் என்பது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலின் இரண்டாவது மாடி. உள்ளே பெரிய கூடத்தில் ஐ.நா. வகுத்த பதினேழு நீடித்த வளர்ச்சி இலக்குகள் பற்றி மாநாடு. வெளியே, தேநீர் மேசைக்கும் கழிப்பறைக்கும் நடுவில், காட்சித் தொடர்பியல் மூன்றாமாண்டுப் பிள்ளைகள் ஆறு ஜோடி, மார்பில் பதினேழு நிறத் துண்டுகளாலான வட்டம் போட்ட வெள்ளைச் சட்டையில், வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து உட்காரவைத்துத் தலைக்குத் தொண்ணூறு வினாடி பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சேலத்து டாக்டர் சூரிய மின்சாரத்தைப் பற்றிப் பேசினார், நன்றாகவே பேசினார், அவர் வாய் திறப்பதும் மூடுவதும் தெரிந்தது, மீசையில் ஒட்டியிருந்த ரவைப் பருக்கை தெரிந்தது, மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எல்லாரிடமும் கேட்கிற அந்தக் கேள்விக்கு, காலையில என்ன சாப்பிட்டீங்க சார், அவர் கேசரி என்று சொல்லவே இல்லையே, இரண்டு இட்லி என்றல்லவா சொன்னார், சர்க்கரை வியாதிக்காரராக இருக்கும், வீட்டுக்குத் தெரியாமல் தின்றிருப்பார். இப்படி எதிரில் இருப்பதெல்லாம் ரவை ரவையாகத் தெரிந்தது, எதுவும் உள்ளே போகவில்லை. காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால், கால் இருக்கிறது, ஆனால் அது நம்முடைய கால் இல்லை, அதுபோல ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து அவளுக்கு உடம்பு மொத்தமும் மரத்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுதிக் குழாயடியில் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். அம்மா கூப்பிட்டாள். நுரைக் கையோடு போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். "மாசி ஒம்பது, வெள்ளிக்கிழமை, ஆறேகாலுக்கு மேல ஏழரைக்குள்ள. நம்ம கோயில்லயே வச்சு முடிச்சுருவோம். பத்திரிகை அடிக்கலத்தா, அடிச்சா நாலு பேரு கண்ணுல படும். வாய்வார்த்தையாவே எல்லாருக்கும் சொல்லியாச்சு. நீ வியாழக்கிழமையே பஸ் ஏறிரு." யாருக்கும்மா என்று கேட்டாள் வினோதினி, முட்டாள் மாதிரி. "யாருக்கா? வீட்டுல இன்னும் யாரு இருக்கா, மோகனாவுக்குத்தான்." மோகனாவுக்குப் பதினேழு வயது. அதை அம்மாவிடம் சொல்ல வேண்டியதில்லை, பெற்றவளுக்குத் தெரியாதா. வினோதினி சொன்னது ஒரே ஒரு சொல்: சரிம்மா. போனை வைத்துவிட்டுத் துணியைத் துவைத்தாள், அலசினாள், பிழிந்தாள், கொடியில் இடம் இல்லாமல் மாடிக்குப் போய்க் காயப்போட்டாள், சாயங்காலம் மடித்தும் வைத்தாள். அந்தச் சரி எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கு இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை, யாராவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி அது வந்துவிட்டுப் போனது.

மாப்பிள்ளை பாண்டியரசன் கெட்டவன் கிடையாது, அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்தால் ஊரைக் கூட்டலாம். அம்மாவின் ஒரே அண்ணன் மகன், இருபத்தேழு வயது, சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை, லீவில் வரும்போதெல்லாம் சாக்லேட்டும் தலைவலித் தைலமும் கொண்டுவருவான், குனிந்த தலை நிமிராமல் அத்தைக்கு மட்டும் பதில் சொல்வான். இருபத்தெட்டாம் தேதி திரும்ப விமானம் ஏற வேண்டும், அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம் ஆகும், அதனால்தான் இந்த அவசரம். "அக்டோபர் வந்தா பதினெட்டு. எட்டு மாசத்துக்காகச் சட்டம் வந்து நிக்கப்போவுதா" என்று மாமா கேட்டாராம், எல்லாரும் ஆமாம் போட்டார்களாம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா எதற்குமே ஒன்றும் சொன்னதில்லை, அவர் கல்யாணத்துக்கே அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் இதிலெல்லாம் ஒன்றும் இல்லை, இவையெல்லாம் மேலே மிதக்கிற செத்தை. அடியில் கிடக்கிற கல் வேறு. இதே பாண்டியரசனுக்கு முதலில் பேசியது வினோதினியை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவள் முதலாமாண்டு படிக்கும்போது. அவள் மாட்டேன் என்றாள், போனிலேயே கத்தினாள், படிக்கணும் என்றாள், விடுதித் தோழிகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், ஒரு பேராசிரியை வகுப்பிலேயே அவள் பெயரைச் சொல்லி மெச்சினார். என்ன பெருமையாக இருந்தது அப்போது. சினிமாக் கொட்டகை வரிசையில் முன்னால் நிற்கிறவள் விலகிக்கொண்டால் வரிசை கலைந்தா போகும்? பின்னால் நிற்கிறவள் ஒரு எட்டு முன்னால் வருவாள். அன்றைக்கு அது அவளுக்குத் தோன்றவே இல்லை. மோகனாவுக்கு அப்போது பதினைந்து, அக்கா நீ செம என்று முத்தக்குறி போட்டு அனுப்பியிருந்தாள்.

"அடுத்தவங்கள உக்கார வைக்கவா?" என்றான் ஜெரால்டு. சரி என்றாள். ஒரு பேராசிரியர் வந்தார், இலக்கு நான்கு, தரமான கல்வி, பொங்கல் சாப்பிட்டிருந்தார். கையில் இருக்கிற அட்டையில் மூன்றே கேள்விகள், உங்கள் மனசுக்கு நெருக்கமான இலக்கு எது, அதற்காக நீங்கள் செய்தது என்ன, இளைஞர்களுக்கு நீங்கள் சொல்ல விரும்புவது என்ன, இதைத் தாண்டி ஒரு சொல் கேட்கக் கூடாது என்று அட்டையின் அடியிலேயே அச்சடித்திருந்தது. பேராசிரியரின் தலைக்குப் பின்னால் நீலப் பதாகை. எவரையும் விட்டுவிடாமல். அவ்வளவுதான் அதில் எழுதியிருந்தது, பெரிய எழுத்தில். காலையிலிருந்து ஒவ்வொரு தலைக்குப் பின்னாலும் அதைப் படித்துப் படித்து அந்தச் சொல் வாயில் போட்டு மென்ற காகிதம்போலக் கூழாகிவிட்டது. எவரையும். விட்டு. விடாமல். பஸ்ஸில் குடையை விட்டுவிடுகிறோம், பரீட்சையில் ஒரு கேள்வியை விட்டுவிடுகிறோம், அடி வாங்கப் போகிறவன் ஐயா விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறான், நல்ல அர்த்தத்திலும் விடலாம் கெட்ட அர்த்தத்திலும் விடலாம் போலிருக்கிறது இந்தத் தமிழில். மோகனாவை விட்டுவிடுங்கள் என்றால் அது எந்த விடுதல்? மோகனாவை விட்டுவிட்டு நான் சென்னைக்கு வந்தேன் என்றால் அது எந்த விடுதல்? பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு பெண்ணுக்குக் கல்வி கொடுத்தால் ஒரு குடும்பத்துக்கே கொடுத்த மாதிரி என்று. வினோதினி சிரித்த முகமாகத் தலையாட்டினாள், பேசுகிறவருக்கு ஊக்கமாக இருக்கும் என்று அதுவும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான். குடும்பத்துக்குக் கொடுத்த மாதிரியெல்லாம் இல்லை சார், எனக்குக் கொடுத்தார்கள், நான் வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

நேற்று ராத்திரி மோகனா குரல்பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். நாற்பத்திரண்டு வினாடி. திறக்கப் பயமாக இருந்தது. காப்பாற்று அக்கா என்று அழுதிருப்பாள், அல்லது நீதானடி காரணம் என்று திட்டியிருப்பாள், இரண்டில் ஒன்றுதானே இருக்க முடியும் என்று விடிகிறவரை கையிலேயே வைத்திருந்து, காலையில் ஓட்டலுக்கு வருகிற பஸ்ஸில், ஜன்னலோரம், காதில் ஒட்டிவைத்துக் கேட்டாள். அழுகையும் இல்லை, திட்டும் இல்லை. பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. "அக்கா, நீ அம்மாகிட்ட ஒரு வார்த்த பேசு. நிறுத்தச் சொல்லலக்கா. வெள்ளிக்கிழமை எனக்கு கெமிஸ்ட்ரி பிராக்டிகல். வேற ஸ்கூல்லேர்ந்து மிஸ் வர்றாங்க, போகலன்னா அப்சென்ட்டுதான், மறுபடி வைக்க மாட்டாங்களாம். கல்யாணத்த ஞாயித்துக்கிழமை வச்சா என்ன? எல்லாருக்கும் லீவுதானே. நான் சொன்னா அத்தான் ஊருக்குப் போறாரு, முகூர்த்தம் இல்லங்கிறாங்க. சால்ட்டு எல்லாம் மனப்பாடமா வச்சிருக்கேன்க்கா, எதைக் குடுத்தாலும் கண்டுபிடிச்சிருவேன்." அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் போதுமாம். அவளுக்குக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான், இரண்டு நாள் தள்ளி. வினோதினி அதை ஒன்பது தடவை கேட்டாள், பஸ் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது, இறங்கித் திரும்பி நடந்தாள். வெள்ளி நைட்ரேட் பட்டு மோகனாவின் விரல் நுனி எப்போதும் கறுத்துத்தான் இருக்கும், பொங்கல் லீவுக்குப் போனபோது அதைக் காட்டி, இது பத்து நாளைக்குப் போகாதுக்கா, தோலே உரிஞ்சாத்தான் போகும் என்று ஏதோ வளையல் வாங்கியதைக் காட்டுகிற மாதிரி காட்டினாள். வியாழக்கிழமை ராத்திரி அந்தக் கறுப்பின்மேல் மருதாணி வைப்பார்கள். மருதாணி ஏறுமோ என்னமோ.

1098 என்று குழந்தைகளுக்கு உதவி கேட்க ஒரு எண் இருப்பது வினோதினிக்குத் தெரியாமல் இல்லை, பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகத்தின் பின்னட்டையிலேயே போட்டிருக்கும், நேற்று ராத்திரி அதை அடித்தும் வைத்தாள், நாலே நாலு எண், பச்சைப் பொத்தான்மேல் கட்டைவிரலும் போய் நின்றது, அதற்கப்புறம் விரல் நகரவில்லை. ஏனென்றால் உடனே ஜீப் வந்துவிட்டது, மனசுக்குள். கோயில் வாசலில் ஜீப். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எவன்டா சொன்னது என்கிறார், எல்லாரும் அம்மாவைப் பார்க்கிறார்கள். அம்மாவுக்குத் தெரிந்துவிடும், பத்திரிகை அடிக்காத கல்யாணத்தைச் சர்க்காருக்குச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா சொன்னதை மறக்க முடியவில்லை. "உனக்காக எங்க அண்ணன் கால்ல விழுந்து எந்திரிச்சேன்டி. மனுசி ஒரு தடவைதான் விழ முடியும். அடுத்த தடவை கிணத்துலதான் விழணும்." அம்மா சும்மா மிரட்டுகிறவள் இல்லை. சொன்னால் அம்மா, சொல்லாவிட்டால் மோகனா. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று நாளாக அவள் மனசு செக்குமாடு மாதிரி சுற்றியது, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே கல் தடுக்கியது, கடைசியில் மாட்டுக்கும் கால் மரத்துப்போய் நின்ற இடத்தில் நின்றுவிட்டது. சட்டையில் இருந்த வட்டத்தைக் குனிந்து எண்ணினாள், எண்ணாமலே தெரியும், பதினேழு துண்டு. அவள் மட்டும் என்ன, உள்ளே நானூறு பேர் காலையிலிருந்து பதினேழு பதினேழு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் தொண்டை அடைக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு ஒருங்கிணைப்பாளர் மேடம் ஒரு அம்மாளைக் கையோடு கூட்டிவந்தார். "வினோதினி, இவங்க இலக்கு அஞ்சு, பாலின சமத்துவம், சீக்கிரம் முடிச்சிரு, சாப்பாட்டுக்கு விடணும்" என்று சொல்லி உட்காரவைத்துவிட்டுப் போனார். ஐம்பது வயது இருக்கும், கசங்கிய காட்டன் புடவை, காலடியில் துண்டு எட்டிப் பார்க்கிற பயணப்பை, மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் நூல் சுற்றியிருந்தது. கழுத்து அட்டையில் பரமேஸ்வரி என்று இருந்தது, அதன் கீழே மாவட்ட சமூக நல அலுவலர், அதன் கீழே மாவட்டத்தின் பெயர். வினோதினி அந்த மூன்றாவது வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள். அது அவளுடைய மாவட்டம். அவள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இந்த அம்மாளின் ஆபீஸ் வாசலில் இறங்கலாம். சின்னப் பெண்களின் கல்யாணத்தை நிறுத்துவது இந்த அம்மாளின் வேலை, போன் செய்தாலும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் இவர் மேசைக்குத்தான் வரும், அந்த மேசையே எழுந்து நடந்து வந்து அவள் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கிறது. சந்தோஷம் வர வேண்டும், இல்லையென்றால் பயமாவது வர வேண்டும், ஒன்றும் வரவில்லை. மைக்கை எடுத்துப் புடவை மடிப்பில் குத்தினாள், அந்த அம்மாள் மேல் பஸ் வாசனையும் விபூதி வாசனையும் அடித்தது. "காலையில என்ன சாப்பிட்டீங்க மேடம்?" என்று கேட்டது அவள் குரல்தான். "எங்கம்மா சாப்பிட்டேன், ராத்திரி பஸ்ஸு, இறங்கி நேரா இங்கதான். ஒரு காப்பி குடிச்சேன், அதுவும் ஆறிப்போச்சு." அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து, "நீ சாப்பிட்டியா?" என்றார். காலையிலிருந்து முப்பது பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாள், ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. பதில் சொல்ல வாயெடுத்தாள், கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்பது நினைவுக்கு வரவில்லை.

"லெவல் ஓகே. ஸ்லேட் சொல்லு," என்றான் ஜெரால்டு. சிவப்பு விளக்கு எரிந்தது. வினோதினி இரண்டு கைகளையும் தட்டுவதற்குத் தோதாக முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டாள். கேட்க வேண்டியது மூன்று கேள்வி, தாண்டி ஒரு சொல் கூடாது. ஆனால் ஸ்லேட் கேள்வி இல்லையே. ஸ்லேட்டை யாரும் கேட்கப்போவதில்லை, வெட்டி எறிவதற்கென்றே சொல்வது. அம்மா ஊரில் தென்னந்தோப்பு ஓரம் போகிறாள், கிணற்றுப் பக்கம்தான் போகிறாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டத்தான் போகிறாள். மோகனா உப்பைத் தண்ணீரில் கரைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். இதைச் சொன்னால் இனி அந்த வீட்டுப் படியை நான் மிதிக்க முடியாது, என்று வினோதினி தெளிவாக, யாரோ இன்னொருத்திக்கு எடுத்துச் சொல்வதுபோலத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்புறம் வாய் திறந்தது. "பெயர் மோகனா," என்றாள். காலையிலிருந்து முப்பது பேருக்குச் சொன்ன அதே குரல், ஏற்றமில்லை இறக்கமில்லை. "ஊர் மேலக்காஞ்சிரம். தேதி பிப்ரவரி இருபத்தொண்ணு, வெள்ளிக்கிழமை, காலை ஆறேகாலுக்கு மேல் ஏழரைக்குள். இடம் பிடாரியம்மன் கோயில். இலக்கு எண் ஐந்து."

"ஐயோ வினோ, எல்லாமே தப்பு," என்றான் ஜெரால்டு. "என்னாச்சுடி உனக்கு இன்னிக்கு? சாரி மேடம், மறுபடி போலாம்." அந்த அம்மாள் அவனைப் பார்க்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றிருந்தது. ஆறேகாலுக்கு மேல் ஏழரைக்குள் என்று இந்த நாட்டில் யாரும் பல் பிடுங்கவோ பஸ் பிடிக்கவோ நேரம் குறிப்பதில்லை. அச்சடிக்காத பத்திரிகையை ஒருத்தி முகத்துக்கு எதிரே உட்கார்ந்து வாசிக்கிறாள் என்று தெரிந்துகொள்ள, அத்தனை வருஷம் கல்யாணம் நிறுத்தக் கோயில் கோயிலாக ஏறி இறங்கியவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே மறுபடி மாட்டிக்கொண்டார். "தம்பி, அதைக் கொஞ்சம் அணைச்சு வையுங்க," என்றார். சிவப்பு விளக்கு அணைந்தது. பிறகு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் கேட்கிற மாதிரி, "வயசு சொல்லலையேம்மா," என்றார்.

வினோதினியின் கைகள் தட்டப்படாமல் அப்படியே முகத்துக்கு முன்னால் நின்றன. "பதினேழு," என்றாள். சொன்ன உடனே உள்ளங்கையில் என்னவோ குறுகுறுவென்று ஓடியது, மரத்த காலை ஊன்றினால் ஊசி குத்துமே, அந்த மாதிரி விரல் நுனியில் ஆரம்பித்து மணிக்கட்டுக்கு ஏறித் தோளுக்கு ஏறியது, வலித்தது, நன்றாகவே வலித்தது. "அக்டோபர்லதான் பதினெட்டு மேடம். என் தங்கச்சி." அந்த அம்மாள் பயணப்பையைத் துழாவி மாநாட்டில் கொடுத்த பளபளப்பான நோட்டை எடுத்து, மடியில் வைத்து, முதல் பக்கத்தில் எழுதினார், பெயர், ஊர், தேதி. "உன் பேரு வெளியில வராது," என்றார் எழுதிக்கொண்டே. வராமல் என்ன, அம்மாவுக்குத் தெரிந்துவிடும், கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும், அது வினோதினிக்குத் தெரிந்தேதான் இருந்தது, கண்ணீர் மூக்கு வழியாகவும் வந்தது, துடைக்கத் தோன்றவில்லை. "மேடம், அன்னிக்கு அவளுக்கு கெமிஸ்ட்ரி பிராக்டிகல்," என்றாள். "அதுக்கு மட்டும் அவ எப்படியாவது போயிரணும். எல்லா சால்ட்டும் படிச்சு வச்சிருக்கா."

"எத்தனை மணிக்கு?"

"ஒம்பதரைக்கு மேடம்."

பரமேஸ்வரி அதையும் எழுதிக்கொண்டார்.